பழைய ஸ்விஃப்டுக்கு 17 இன்ச் அலாய் போடலாமா?

5 மார்ச் 2023, திருப்பூர் நண்பரின் கேள்வி

2008 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல். 1.1 லட்சம் கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போது இருப்பது கம்பெனியிலிருந்து வந்த 14 இன்ச் இரும்பு ரிம், 165/80 டயர். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது. கடையில் 17 இன்ச் அலாய், 205/45 டயர் போடலாம், மொத்த உயரம் மாறாது, ஒரு பிரச்சினையும் வராது என்கிறார்கள். நம்பிப் போடலாமா?

5 மார்ச் 2023, இரவு

என்னிடமும் அதே வண்டிதான், 2007 மாடல். நவம்பரில்தான் 16 இன்ச் போட்டேன். அதனால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மனதில் அப்படியே இருக்கிறது.

கடைக்காரர் உயரத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. 165/80 ஆர்14 என்றால் டயர் அகலம் 165 மி.மீ., அதில் 80 சதவீதம் சைடுவால் எனும் பக்கச்சுவரின் உயரம், அதாவது 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264, நடுவில் 14 இன்ச் ரிம் 355.6. மொத்தம் 619.6 மி.மீ. இதையே 205/45 ஆர்17க்குப் போட்டால் 616.3 வருகிறது. மூன்று மி.மீ.தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியரும் மாறாது.

ஆனால் அந்த 132 இருக்கிறதே, அது 17 இன்ச்சில் 92 ஆகிவிடுகிறது. நான்கு சென்டிமீட்டர் ரப்பரைக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வாங்குகிறீர்கள். நம் ஊர்ச் சாலைகளுக்கு அது தாங்காது. 17 வேண்டாம்.

இன்னொன்று. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு ஓர் எண் இருக்கும். அது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. உங்கள் பழைய டயரில் 85 என்றிருக்கும், அதாவது 515 கிலோ. 205/45 ஆர்17 சாதாரண டயரில் 84தான் வரும், 500 கிலோ. பெரிய சக்கரம், குறைந்த தாங்கும் சக்தி. எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று போட்ட டயர் என்றால் 88 கிடைக்கும். கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

16 இன்ச், 195/55 போடுங்கள். மொத்த உயரம் 620.9. சைடுவால் 107. எடை எண் 87. நான் போட்டிருப்பது இதுதான். வண்டி நெடுஞ்சாலையில் பிடித்து வைத்தமாதிரி போகிறது. தைரியமாகப் போடலாம்.

6 மார்ச் 2023

நேற்று அவசரத்தில் விட்டுப்போனவை.

ரிம் வாங்கும் முன் மூன்று அளவைச் சரிபாருங்கள். ஒன்று, போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டுக்கு நான்கு போல்ட், 100 மி.மீ. கடைகளில் எட்டு ஓட்டை போட்ட ரிம் நிறைய வைத்திருப்பார்கள், 100க்கும் 114.3க்கும் சேர்த்து. போடலாம், தவறில்லை. இரண்டு, நடு ஓட்டை. வண்டியின் ஹப், அதாவது ரிம் மாட்டும் நடுக்குமிழ், 54.1 மி.மீ. மூன்று, நட்டு. ஸ்டட், அதாவது நட்டு ஏறும் திருகுத் தண்டு, 12 மி.மீ., மரை இடைவெளி 1.25. கடை டப்பாவில் 1.5 மரை நட்டும் கலந்து கிடக்கும். முதல் இரண்டு சுற்று கையால் போகும், அப்புறம் இறுகும். அங்கே காற்றில் இறுக்கும் கன்னை வைத்து அடித்தால் ஸ்டட்டின் மரை போய்விடும். நட்டு எப்போதும் கையாலேயே கடைசி வரை ஓட வேண்டும். இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாத கடையில் அலாய் போடாதீர்கள். போட்ட பிறகு 100 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். அலாய் கொஞ்சம் அமர்ந்துகொடுக்கும்.

ரிம்மின் உள்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியச் சோதனை முத்திரைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றுமே பொறிக்காத ரிம் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

என் வண்டியில் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது. பேலன்சிங்தான், எடைக்கட்டி ஒன்று விழுந்திருக்கும். வார இறுதியில் போய்ப் பார்க்க வேண்டும்.

9 மார்ச் 2023

ஆஃப்செட் என்றால் என்ன, அது எதற்கு என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பெரிய ரிம் போடுகிறவர்கள் சறுக்குகிற இடமே இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரிம் வண்டியின் ஹப்பில் ஒட்டி நிற்கும் முகம், அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும்.

பழைய ரிம் 5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். கடையில் காட்டும் ரிம் 6.5 இன்ச், ஆஃப்செட் 35. அகலம் ஒன்றரை இன்ச் கூடுகிறது, அதில் பாதி வெளிப்பக்கம், 19 மி.மீ. ஆஃப்செட் 10 குறைந்ததால் மேலும் 10 வெளியே. ஆக வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் 19 கூடி 10 குறைந்து, 9 மி.மீ. ஷாக் அப்சார்பரை நோக்கி நகர்ந்திருக்கிறது. வெளியே 29 வந்தால், பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடையில் இறங்கும்போது டயர் மட்கார்டின் விளிம்பைச் சீவும். வீட்டு வாசலில் காலி வண்டியைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

வெளியே தள்ளி நிற்கும் சக்கரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் இடையே தூரம் கூடிவிடும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். வீல் பேரிங்கும் அதற்கான விலையைக் கொடுக்கும். ஸ்பேசர் தட்டு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவதும் இதேதான். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உள்ளே இடம் இருக்கிறதா என்று அறிய நான் செய்தது இது. சப்பாத்தி மாவில் சின்ன உருண்டைகள் பிடித்து ஷாக் அப்சார்பரிலும் மட்கார்டின் உள்பக்க லைனரிலும் ஒட்டினேன். ஸ்டியரிங்கை முழுசாக இரண்டு பக்கமும் ஒடித்து, நான்கு பேரை ஏற்றி, தெருமுனை வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினேன். திரும்பி வந்து நசுங்கிய மாவின் தடிமனை அளந்தால் மீதி இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எனக்கு முன்பக்கம் உள்ளே 11 மி.மீ. மிச்சம் இருந்தது. ஐந்துக்குக் கீழே போயிருந்தால் அந்த ரிம்மைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

10 மார்ச் 2023

195/65 ஆர்15 மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா என்று ஒருவர். அது 634.5 வரும், 2.4 சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி அதைவிட இரண்டு சொச்சம் கூடப் போகும். அதைவிட, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது லைனரில் உரசும் வாய்ப்பு அதிகம். அந்த விட்டம் இந்த வண்டிக்கு வேண்டாம்.

2 ஏப்ரல் 2023

6 மார்ச்சில் எழுதியதைத் திருத்துகிறேன். அந்த நடுக்கம் பேலன்சிங் இல்லை.

இரண்டு கடையில் பேலன்ஸ் செய்தேன். மெஷினில் எல்லாச் சக்கரமும் பூஜ்யம் காட்டுகிறது. வண்டியில் மாட்டினால் 80இல் நடுக்கம், 95இல் நின்றுவிடுகிறது. டயரை முன்பின்னாக மாற்றினேன், அதேதான். வீல் பேரிங் போயிருக்குமோ என்ற பயம் வேறு.

கடைசியில் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். எங்கள் தெருக்காரர், நாற்பது வருடமாகப் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறவர். வண்டியைப் பார்க்கவே இல்லை. "ரிம்மு ஹப்புல உக்காருதா, நட்டுல தொங்குதா தம்பி?" என்றார். எனக்கு உடனே உறைத்தது.

சந்தையில் விற்கும் அலாயில் பெரும்பாலும் நடு ஓட்டையைப் பெரிதாகப் போட்டு விடுகிறார்கள், பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று. என் ரிம்மில் அது 73.1. ஹப் 54.1. சுற்றிலும் 9.5 மி.மீ. இடைவெளி. ரிம்மை நடுவில் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை, நான்கு நட்டின் கூம்பு மட்டும்தான். ஒரு நட்டை முதலில் முழுசாக இறுக்கினால் ரிம் மயிரிழை நகர்ந்து உட்கார்ந்துவிடும். மெஷின் பூஜ்யம் காட்டத்தான் செய்யும், மெஷினில் அது நடுவில் நிற்கிறது, வண்டியில் நிற்கவில்லை.

அடுத்த நாள் வண்டியை அவர் பட்டறைக்கே கொண்டுபோனேன். வெர்னியரை வைத்து ஹப்பை மூன்று இடத்தில் அளந்தார், துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி அளந்தார், ரிம்மையும் அப்படியே. அலுமினியத் தண்டிலிருந்து நான்கு வளையம் கடைந்தார். வெளியே 73.1, உள்ளே 54.1, முன்விளிம்பில் ஒரு சாய்வு. "கையால அழுத்துனா ஏறணும். சுத்தியல் எடுத்தீன்னா நான் கடைஞ்சது தப்புன்னு அர்த்தம்" என்றார். நான்கும் கையாலேயே ஏறின. மணி மதியம் இரண்டு, பட்டறையில் எல்லோரும் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவினாசி ரோட்டில் எடுத்துப் போனேன். 80இல் ஒன்றும் இல்லை. 90, 100, ஒன்றும் இல்லை. நான்கு மாதமாக இருந்த நடுக்கம்.

ரிம் வாங்கும்போதே வளையத்தைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது, அதுவும் வேலை செய்யும், ரிம்மை நடுவில் நிறுத்துவதற்குத்தானே.

4 ஏப்ரல் 2023

வளையம் பற்றிக் கேட்டவர்களுக்கு.

சான்ட்ரோ வைத்திருப்பவருக்கு: உங்கள் வண்டியும் 100 மி.மீ. வட்டம், 54.1 ஹப். இதே வளையம் பொருந்தும். ஆனால் உங்கள் ஸ்டட்டின் மரை 1.5. என் நட்டைக் கடன் வாங்காதீர்கள்.

ஜென் வைத்திருக்கும் தம்பிக்கு: என் பழைய 14 இன்ச் இரும்பு ரிம்மைக் கேட்டிருந்தீர்கள். கொடுப்பதில் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் மாட்ட முடியாது. 800, ஆல்டோ, ஜென், பழைய வேகன்ஆர் எல்லாம் 114.3 வட்டம். ஒரே கம்பெனி என்பதால் ஒரே அளவாக இருக்கும் என்று நினைத்துப் பலர் காசை விட்டிருக்கிறார்கள்.

14 மே 2023

சக்கரங்களை எடை போட்டேன். குளியலறை எடை மெஷினில் முதலில் நான் மட்டும், அப்புறம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு. மகள் பேப்பரில் குறித்துக்கொண்டாள். 14 இன்ச் இரும்பு ரிம்மும் டயரும் சேர்த்து 13.6 கிலோ. 16 இன்ச் அலாயும் டயரும் 16.7.

அலாய் என்றால் இலேசு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அதே அளவுக்கு அது பெரும்பாலும் சரி. இரண்டு இன்ச் பெரிதாக்கினால் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு சக்கரத்துக்கு மூன்று கிலோ, அதுவும் வெளிவட்டத்தில் சுற்றுகிற எடை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. மேட்டில் இரண்டாம் கியரில் இழுவை மந்தமானது இதனால்தான்.

மைலேஜும் விழுந்திருக்கிறது. டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் போட்டதில் முன்பு 15.5 கொடுத்தது, இப்போது 14.2. இதுவும் எடையால்தான்.

21 மே 2023

முழுக்க எடையால் இல்லை. நேற்று அலைன்மென்ட் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து நின்றிருக்கிறது. முன் டயரின் உள்விளிம்பில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், தேய்ந்திருந்ததை நானே கவனிக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டு டேங்க் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.

18 ஜூன் 2023

14.8. ஆக விழுந்ததில் பாதி அலைன்மென்ட், மீதிதான் சக்கரத்தின் கணக்கு.

25 ஜூன் 2023

அப்பாவிடம் அம்பாசடர் இருந்தது. நேற்று சாப்பிடும்போது இந்தச் சக்கரப் பேச்சு வந்தது. "அம்பாசடருக்கே பதினஞ்சு இஞ்ச் ரிம்முதான்டா" என்றார். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். 5.90-15 டயர். அந்தக் காலத்து வண்டி, இன்று பாதிக் கார்களில் இருப்பதைவிடப் பெரிய ரிம். ஆனால் ரிம்முக்கு வெளியே ஐந்து அங்குலத்துக்கு மேல் ரப்பர் நின்றது. ஆனைமலைப் பக்கம் தோட்டத்துப் பாதைகளில் அப்பா அதை ஓட்டிய வேகத்தில் என் வண்டியை என்னால் ஓட்ட முடியாது.

ஆகவே "எத்தனை இன்ச் ரிம்" என்று கேட்பதைவிட "எத்தனை மி.மீ. ரப்பர் மிச்சம்" என்று கேட்பதுதான் சரியான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. மார்ச்சில் நான் 107 போதும் என்று எழுதியிருந்தேன். போதுமா என்று இன்னும் ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும்.

29 அக்டோபர் 2023

போதாது.

வெள்ளிக்கிழமை இரவு பொள்ளாச்சியில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஐந்து பேர். அப்பா முன்னால், பின்னால் அம்மா, மனைவி, மகள். நல்ல மழை. ஊருக்குள் நுழைந்த பிறகு, பைப் போடத் தோண்டி மூடிய ஒரு குறுக்குப் பள்ளம், தண்ணீர் நிரம்பி ரோடு மாதிரியே தெரிந்தது. வேகம் நாற்பதுகூட இல்லை. இடது முன்சக்கரம் இறங்கியது. கல்லில் இரும்பு அடிக்கிற சத்தம். ரப்பர் சத்தமே இல்லை.

நிறுத்திப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் அரை எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. காற்று இறங்கவில்லை. மெதுவாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று அப்பா சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, வெளி ரப்பர் மட்டும்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்டெப்னி பழைய 14 இன்ச் இரும்பு. மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் முன்னால் போட்டு ஓட்டலாம், அந்த வகையில் மார்ச் கணக்கு காப்பாற்றியது. ஆனால் மாட்டப் போனால் ரிம் ஹப்பில் உட்கார மறுக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், லேத்தில் கடைந்த அலுமினிய வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வெளியே 73.1, இரும்பு ரிம்மின் ஓட்டையில் எப்படி நுழையும். ஆறு மாத ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. குடையை மகள் பிடித்துக்கொள்ள, ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுற்றிச் சுற்றி நெம்பி எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவள் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது, குளிராலா பயத்தாலா என்று கேட்கவில்லை.

ஏப்ரலில் வளையத்தைப் பற்றி அத்தனை எழுதினேன், இதை எழுதவில்லை. வளையம் போடும்போது ஹப்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். நட்டிலும் ஸ்டட்டிலும் படவே கூடாது. இரும்பு ஸ்டெப்னிக்கான பழைய நட்டு நான்கையும் டிக்கியில் போட்டு வையுங்கள், அலாய் நட்டு எல்லாமே இரும்பு ரிம்மில் சரியாக அமரும் என்று சொல்ல முடியாது.

திருப்பூர் நண்பரே, நீங்கள் 16 வாங்கிவிட்டீர்களா? "தைரியமாகப் போடலாம்" என்று நான்தான் எழுதினேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். வாங்கியிருந்தால் சொல்லுங்கள், காற்று எவ்வளவு வைக்கலாம், எந்த ரோட்டில் எப்படிப் போகலாம் என்று பேசுவோம்.

31 அக்டோபர் 2023

ரிம்மும் வளைந்திருக்கிறது. உள்விளிம்பில், மாட்டியிருக்கும்போது கண்ணுக்கே தெரியாத இடத்தில். சுடவைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்கள். வார்ப்பு அலாயைச் சுடவைத்து அடித்தால் அந்த இடத்தின் பலம் போய்விடும். வெடிப்பை வெல்டிங் வைத்து அடைப்பது இன்னும் மோசம். அந்த ரிம்மை எடைக்குப் போட்டுவிட்டேன். வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்று ஒரு வெட்டு வெட்டித்தான் கொடுத்தேன்.

12 நவம்பர் 2023

மீதி மூன்றையும் விற்றுவிட்டு 15 இன்ச்சுக்கு வந்துவிட்டேன். 185/65 ஆர்15. மொத்த உயரம் 621.5, பழையதைவிட 0.3 சதவீதம்தான் கூட. சைடுவால் 120. எடை எண் 88. சக்கரமும் டயரும் 14.5 கிலோ. 2011இல் வந்த அடுத்த ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு இது.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் மட்கார்டுக்கு வெளியே நிற்கும் சக்கரம், கம்பெனி அளவிலிருந்து விலகிய விட்டம் இரண்டும் வம்பு. அதே மாடலின் வேறு வகைக்குக் கம்பெனி கொடுத்த அளவு இருந்தால் அதுதான் பாதுகாப்பான வழி. உங்கள் தலைமுறை ஸ்விஃப்டிலேயே இசட்எக்ஸ்ஐக்கு 185/70 ஆர்14 கொடுத்தார்கள். 614.6 உயரம், 129.5 ரப்பர். ரிம் அளவு ஏறாமலே டயர் அகலமாகும்.

எந்த அளவு போட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். நான் பில்லுடன் கடிதம் கொடுத்து, பாலிசியில் ஏற்ற வைத்தேன்.

17 டிசம்பர் 2023

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே உள்ளதெல்லாம் பாதி உண்மையாக நிற்கும்.

16 போட்ட பிறகு வண்டி பிடித்து வைத்தமாதிரி போகிறது என்று முதல் நாளே சொன்னேன். 15க்கு வந்த பிறகும் அந்தப் பிடிப்பு அப்படியே இருக்கிறது. இது எப்படி என்று பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். 2022 நவம்பரில் 16 இன்ச் மாட்டிய அதே வாரம் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர் உறை), முன் ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுன்ட் எல்லாம் மாற்றியிருக்கிறேன். பதினைந்து வருடத்து ரப்பர் புஷ். மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது விரலால் தொட்டதும் உதிர்ந்தது இப்போது ஞாபகம் வருகிறது. வண்டியை நேராக நிறுத்தியது பெரும்பாலும் அந்த புஷ்தான். நான் முழுப் பெயரையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

பழைய வண்டியில் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்தால் எது எதைச் செய்தது என்று பிரித்தறிய முடியாது. திருப்பூர் நண்பருக்கு மட்டுமில்லை, 14 இன்ச்சில் வண்டி அலைகிறது என்று இங்கே எழுதிய எல்லோருக்கும் சொல்கிறேன்: முதலில் புஷ், ஷாக், அலைன்மென்ட். அடுத்து நல்ல டயர். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் ஏழெட்டு வருடமானால் ரப்பர் இறுகிவிடும். இதையெல்லாம் செய்து 2000 கி.மீ. ஓட்டுங்கள். அதன் பிறகும் சக்கரம் பெரிதாக வேண்டும் என்றால் அது அழகுக்காக. அழகுக்காகச் செய்வதில் ஒரு தவறும் இல்லை, எனக்கும் அந்த ஆசை இருந்தது, இன்னும் இருக்கிறது. வாசலில் 16 இன்ச்சோடு நின்ற வண்டியின் போட்டோவை நான் அழிக்கவில்லை.

15 ஜனவரி 2024

பொங்கல் விடுமுறையில் வால்பாறை போய் வந்தோம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஐந்து பேர், பைகள். 15 இன்ச்சில் இரண்டாம் கியர் இழுவை திரும்பி வந்திருக்கிறது. முழு ஒடிப்பில் எங்கும் உரசவில்லை. அப்பா ஒன்பதாவது வளைவிலேயே தூங்கிவிட்டார். அவர் தூங்கும் வண்டி நல்ல வண்டி என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

ஸ்டெப்னியை மட்டும் இன்னும் 14 இரும்பாகவே வைத்திருக்கிறேன். டிக்கிப் பள்ளத்தில் 15 இறங்கும், அளந்துவிட்டேன். ஐந்தாவது ரிம்முக்கு அடுத்த மாதம் காசு ஒதுக்க வேண்டும்.

3 பிப்ரவரி 2024

திருப்பூர் நண்பர் எழுதியிருக்கிறார். 16 வாங்கவில்லை. மார்ச்சிலேயே பணம் கட்டப் போய், நடு ஓட்டை எவ்வளவு என்று கேட்டபோது கடையில் பதில் சொல்லத் தெரியவில்லையாம், திரும்பி வந்துவிட்டார். டிசம்பர் குறிப்பைப் படித்துவிட்டு புஷ் மாற்றியிருக்கிறார், இரண்டு பக்கமும் கிழிந்து கிடந்ததாம். இப்போது 185/65 ஆர்15 போட ஆசைப்படுகிறார். ரிம் 5.5 இன்ச், ஆஃப்செட் 42, நடு ஓட்டை 67.1 என்று அளந்து அனுப்பியிருக்கிறார். டயர் கம்பெனிகள் அந்த டயருக்குச் சொல்லும் ரிம் அகலம் 5 முதல் 6.5 வரை, ஆக அகலம் சரி. ஆஃப்செட்டும் பயப்படும்படி இல்லை. வளையம் மட்டும் 67.1க்கு 54.1 வேண்டும்.

பெரியவரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வரச் சொல்கிறார், மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் பவர்கட் இருக்கிறதாம். சப்பாத்தி மாவை நான் கொண்டுவருகிறேன்.